இவர் தலைமுடியும் பாலித்தீவுச் சாமிகளும்

பாலித்தீவுக்கு மற்றவர்கள் கடல் பார்க்கப் போகிறார்கள், நடனம் பார்க்கப் போகிறார்கள். நான் போனது என் புருசனுக்கு மொட்டை அடிக்க.

சிரிக்காதீர்கள், விசயம் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் நாங்கள் மெல்பேர்ணில் இருந்தோம். அந்த ஊர்க் குளிரில் இவர் ஒரே மாதத்தில் படுத்துவிட்டார். சளி நெஞ்சில் இறங்கி, நிமோனியாவாகி, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். டாக்டர் என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். அந்த ஊரில் எனக்கு ஒரு நாய்கூடப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே கண்ணை மூடி, "முருகா, இந்த மனுசன் எழும்பி நடந்தால் இவற்ற தலைமுடி முழுக்க உனக்குத்தான்" என்று நேர்ந்துவிட்டேன்.

முருகன் தன் வேலையைச் செய்தார். இவர் எழும்பினார், நடந்தார், சிட்னியில் நல்ல வேலையும் எடுத்தார். டூங்கபியில் வீடு பார்த்துக் குடிவந்தோம். அதன் பிறகுதான் ஆளுக்கு முடியில் மோகம் பிடித்தது. எழுபதுகளின் மோஸ்தர் உங்களுக்குத் தெரியும்தானே. காதை மூடித் தோளில் புரளும் முடி, தாடை வரைக்கும் கிருதா, தெருக் கூட்டுகிற மாதிரி பெல்பொட்டம். காலையில் குளியலறைக்குள் சீப்போடு போனாரென்றால், நான் என் ரயிலைத் தவறவிட்ட பிறகுதான் வெளியே வருவார்.

நேர்த்திக்கடனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், எஞ்சினியர் மூளை விழித்துக்கொள்ளும்.

"நேர்ந்தது நீர். மொட்டை எனக்கோ? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீரோ?"

"நீங்கள் அப்ப மயக்கத்தில கிடந்தனீங்கள்."

"சரி, தாறன். கோயிலைக் காட்டும், இப்பவே தலையைக் குனியிறன்."

சிட்னியில் அப்போது எங்களுக்குக் கோயில் ஏது? இரண்டு மூன்று குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டு ஹோலில் படம் வைத்துத் தேவாரம் பாடுவோம், அவ்வளவுதான். ஊருக்குப் போய்வரக் கையில் வசதியில்லை. அது தெரிந்துதான் மனுசன் இவ்வளவு தாராளமாகப் பேசினார்.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். அப்போது என் வயிற்றில் பிள்ளை, நாலாம் மாதம் தொடங்கியிருந்தது. முந்திய வருடமும் ஒரு பிள்ளை வந்தது, நாலாம் மாதத்தில் போய்விட்டது. இப்படி நடப்பதுண்டு, காரணம் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எனக்கு மட்டும் காரணம் தெரியும். சாமியிடம் வாங்கியதற்குச் சொன்னதைக் கொடுக்கவில்லை. பயத்தில் இரவில் நித்திரை இல்லை, இவரிடம் சொல்லவுமில்லை. சொன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விஞ்ஞானம் படிப்பிப்பார்.

வழி காட்டியவர் மெல்பேர்ணில் நோபல் பார்க்கில் இருந்த இராசம் அன்ரி. நாங்கள் அங்கே இருந்த கடைசி மாதங்களில் பழக்கமானவர், சமய விசயமென்றால் கடைசித் தீர்ப்பு அவருடையதுதான். ஒருநாள் தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னேன்.

"உவருக்குக் கோயில்தானே வேணும்?" என்றார் அன்ரி. "பாலித்தீவுக்குப் போங்கோ பிள்ளை. வீட்டுக்கு ஒரு கோயில், வயலுக்கு ஒரு கோயில். அங்க எல்லாரும் எங்கட ஆக்கள்தான்."

"நீங்கள் போனனீங்களோ அன்ரி?"

"நான் ஏன் போவான்? எல்லாம் வாசிச்சு வைச்சிருக்கிறன்."

இவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். உடனே ஓம் என்றார், ஊருக்குப் போவதைவிடச் செலவும் குறைவு. அலுவலகத்து வெள்ளைக்காரப் பொடியன்கள் பாலிக்குப் போய் அலையில் பலகை விட்ட படங்களைக் காட்டிக் காட்டி இவர் ஆசையைக் கிளப்பி வைத்திருந்தார்கள். முதலில் கடலில் குளிப்போம், மொட்டையை வாயால் வெல்லலாம் என்பது இவருடைய எண்ணம். போட்டு வாறன் என்று அன்ரிக்குச் சொல்லிவிட்டு நானும் சூடத்தையும் விபூதியையும் கட்டினேன்.

பாலி விமான நிலையத்திலேயே சனி பிடித்தது. தோள்வரை முடியோடு ஒரு ஆள், அவன் பெண்சாதியின் பையில் வெள்ளைத் தூள் ஒரு பொட்டலம். சுங்க அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மோந்து பார்த்துத் தும்மினார்.

"நாங்களும் இந்துக்கள். இது விபூதி, தெரியும்தானே?" என்றேன் ஆங்கிலத்தில், பெருமையாக. தெரியாதாம். ஒருவருக்குமே தெரியாதாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பிடி எடுத்து நெற்றியில் மூன்று குறி பூசி, மிச்சத்தை வாயில் போட்டுக் காட்டினேன். இவர் நெற்றியிலும் அழுத்திப் பூசினேன். அதிகாரிகள் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். தலைமை அதிகாரி இவரிடம், "பொட்டலம் போகலாம். ஆனால் உங்கள் முடிதான் எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். அந்த நிமிசமே அந்தத் தீவு எனக்குப் பிடித்துவிட்டது.

தங்கியது கடற்கரைக்குக் கிட்ட, குத்தாவில், ஒரு சின்ன விடுதி. விடுதி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் வளவுக்குள் வரிசையாக நாலைந்து அறை, முன்னால் ஒரு விறாந்தை, நடுவில் செவ்வரத்தையும் தென்னையும். உரிமையாளர் வயான். அவர் மனைவி கெதுத். இரண்டு பேரும் கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார்கள், அதைவிட அதிகம் சிரிப்பார்கள். வளவின் மூலையில் உயரமான பீடங்களில் குட்டிக் குட்டிக் கோயில்கள். இராசம் அன்ரி வாழ்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் எதிரே இருந்த கடையிலிருந்து வாசம் வந்தது. மஞ்சள், இஞ்சி, வெங்காயம், தேங்காய் எண்ணெய். டூங்கபிக் கடைகளில் ஆட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பார்த்துப் பார்த்து அலுத்த மூக்கு எங்களுடையது, கால் தானாக நடந்தது. உள்ளே போனால் ஒரு முழுப்பன்றி, வாயைத் திறந்தபடி, மேசையில் படுத்திருந்தது.

"உம்மட அன்ரியின்ர எங்கட ஆக்கள்" என்றார் இவர்.

நான் முட்டையும் சோறும் கேட்டேன். இவர் பன்றிக்குக் கிட்டவே கதிரையைப் போட்டுக்கொண்டு, மொறுமொறுவென்று தோல் கடிபடும் சத்தத்தை நான் கேட்கும்படி சாப்பிட்டார். ஆனால் அந்த மிளகாய்ச் சம்பல் இருக்கிறதே, அடேயப்பா! கண்ணில் நீர் வந்தது. உறைப்பாலா ஊர் ஞாபகத்தாலா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை, இன்னொரு கரண்டி வாங்கினேன்.

அடுத்த நாள் விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் எங்கள் அறைப் படியில், நிலத்தில், ஒரு சின்னஞ்சிறு ஓலைத்தட்டு. அதற்குள் பூ, ஒரு பிடி சோறு, ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் உப்பு. பக்கத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அடடா, கோயிலில் பூசை முடிந்து அறைக்கு அறை பிரசாதம் வைத்திருக்கிறார்கள்! இரண்டு வருடமாகப் பிரசாதம் என்ற ஒன்றைக் கண்ணால் காணாதவள் நான். காலடியில் வைத்துவிட்டார்களே, பாவம், வேலைக்காரப் பிள்ளைக்குத் தெரியவில்லை போல என்று எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். பூவைப் பின்னலில் செருகினேன். சோற்றைப் பாதி நான் சாப்பிட்டு, பாதியை நித்திரையிலிருந்த இவர் வாயில் திணித்தேன்.

"உப்பும் இஞ்சியும் போட்டுப் பிரசாதமோ?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஊருக்கு ஊர் வழக்கம். விழுங்குங்கோ."

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. முற்றத்துக் கிழட்டு நாயும் அந்தத் தட்டுக்கு வரும். இரண்டு தடவை அதை விரட்டிவிட்டு எடுத்தேன். கெதுத் தூரத்தில் நின்று என்னைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள், பிறகு சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். என் பக்தியைப் பார்த்து மலைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்குப் போன நாளைச் சொல்ல வேண்டும். மலைப்பக்கம் ஒரு பெரிய கோயில் இருக்கிறது, பூசாரி தெரிந்தவர் என்றார் வயான். அங்கே போக்குவரத்துக்கு ஒரு சின்ன வண்டி, பின்னால் இரண்டு பலகை, எதிரெதிரே பத்துப் பேர் முழங்கால் இடிக்க இருப்பார்கள். எனக்கு முன்னால் இருந்த கிழவியின் காலடியில் மூங்கில் கூடைக்குள் ஒரு உயிருள்ள பன்றி. கால் வைக்க எனக்கும் பன்றிக்கும் ஒரே இடம். அது ஒவ்வொரு பள்ளத்திலும் என் செருப்பைக் கடித்தது. கிழவி, பன்றிக்கு உன்னைப் பிடித்திருக்கிறது என்றாளாம், வயான் மொழிபெயர்த்தார்.

பாதி வழியில் வண்டி நின்றது. இவர் எஞ்சினியர் என்று வயான் எல்லாருக்கும் அறிவித்துவிட்டார், தப்ப வழியில்லை. இவர் இறங்கி எஞ்சினுக்குள் தலையை விட, முடி முன்னால் விழுந்து கண்ணை மறைத்தது. கிழவி இறங்கி வந்து, பன்றிக் கூடையில் கட்டியிருந்த நாரை அவிழ்த்து, இவர் முடியை உச்சியில் தூக்கிக் குடுமி கட்டிவிட்டாள். வண்டி முழுக்கக் கைதட்டியது. எஞ்சின் என்னவோ ஓட்டுநர் காலால் உதைத்த பிறகுதான் கிளம்பியது. அந்த நேரத்தில் நான் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலையைப் படிபடியாக வெட்டித் தண்ணீர் நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் பச்சை நாற்று. அப்படி ஒரு பச்சையை நான் யாழ்ப்பாணத்திலும் கண்டதில்லை, சிட்னியிலும் கண்டதில்லை. அவிழ்ந்த கூடையிலிருந்து பன்றி இறங்கி அந்தப் பச்சைக்குள் ஓடியது. எல்லாரும் ஓடிப் பிடித்தோம், நான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்று திசை சொன்னேன்.

கோயில் வாசலில் இடுப்பில் மஞ்சள் பட்டி கட்டச் சொன்னார்கள், கட்டினோம். உள்ளே போனால் கூரையில்லாத வெளிமுற்றம், அடுக்கடுக்காய்க் கறுப்புக் கூரைக் கோபுரங்கள், பாசி பிடித்த கல். விக்கிரகம் எங்கே என்று தேடினேன், வெறும் பீடங்கள்தான். மதிலில் இருந்த குரங்கு ஒன்று இறங்கி வந்து இவர் குடுமியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது. சாமியே ஆளனுப்பி வாங்குகிறார் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குரங்கு நாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பூசாரி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார் பாருங்கள். இவருடையதைவிட இரண்டு மடங்கு நீளமான முடி!

இவர் என் காதுக்குள், "சாமிக்குக் கிட்ட இருக்கிறவரே வளர்த்து வைச்சிருக்கிறார்" என்றார். அந்தச் சந்தோசத்தை நான் எங்கே போய்ச் சொல்ல.

வயான் விசயத்தை விளக்கினார். பூசாரி கவனமாகக் கேட்டார், இவர் தலையைச் சுற்றி வந்து பார்த்தார், பிறகு நீளமாகப் பேசினார். சாரம் இதுதான். இங்கே பிறந்த குழந்தைக்கு முதல் முடி எடுப்போம். வளர்ந்த ஆம்பிளையின் முடியை வாங்கிச் சாமி என்ன செய்வார்? அதுவும் வேறு ஊர்ச் சாமிக்குச் சொன்னதை இந்த ஊர்ச் சாமி எப்படி வாங்குவார்? ஒரு வாத்துக் கொண்டுவந்தால் ஏதாவது செய்யலாம்.

"வாத்து!" என்றார் இவர். "நல்ல நியாயமான மனுசன்." வழி முழுக்க இதே பேச்சு. வயலில் வாத்துக் கூட்டத்தைக் கண்ட இடமெல்லாம், "உதில ஒண்டைப் பிடிப்பமோ?" என்றார்.  இவ்வளவு தூரம் வந்தும் வெறுங்கையோடு திரும்புகிறேனே என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையும் படியில் தட்டு இருந்தது. முருகன் கைவிட்டாலும் பிரசாதம் கைவிடவில்லை என்று குனிந்து எடுத்து ஒரு வாய் போட்டேன். கெதுத் அன்றைக்குப் பொறுக்க முடியாமல் ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டாள். பின்னால் வயான்.

"அம்மா, கோபிக்கக் கூடாது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் வயான். "உயரத்தில் வைப்பது சாமிக்கு. நிலத்தில் வைப்பது பூதங்களுக்கு. அதுகள் தின்றுவிட்டு மனிதரைத் தொந்தரவு செய்யாமல் போகட்டும் என்று வைப்பது. முதல் நாளே சொல்லியிருப்போம், விருந்தாளியை வெட்கப்படுத்தக் கூடாது என்று கெதுத் சொன்னாள்."

கட்டிலில் இருந்த இவர் உருண்டு உருண்டு சிரித்தார். "ஐயோ, பூதத்தின்ர காலைச் சாப்பாட்டைத் தின்னிட்டீரே! நாயையும் துரத்திப்போட்டுத் தின்னிட்டீரே! இராசம் அன்ரிக்கு ரெலிபோன் எடும்!"

நான் படியிலேயே இருந்துவிட்டேன். பின்னலில் இருந்த பூவைப் பிய்த்து எறிந்தேன். பிறகு அழுகை வந்தது. அடக்கி வைத்திருந்த எல்லாம் சேர்ந்து, வெட்கமில்லாமல், வயான் முன்னாலேயே வந்தது.

"சிரியுங்கோ. நல்லாச் சிரியுங்கோ. போன முறை பிள்ளை போனது ஏனெண்டு நினைக்கிறியள்? முருகனுக்குச் சொன்னதைக் குடுக்காமல் போனது. இந்த முறை அதோட பூதத்தின்ர சோத்தையும் தின்னிட்டன். இந்தப் பிள்ளையும் போனால் நான் உயிரோட இருக்கமாட்டன்."

இவர் சிரிப்பு நடுவில் அறுந்தது. கட்டிலை விட்டிறங்கி எனக்கு முன்னால் வந்து நின்றார். விஞ்ஞானம் வரும் என்று பார்த்திருந்தேன், வரவில்லை.

"இவ்வளவு நாளும் இதையோ மனசில வைச்சிருந்தனீர்?" என்றார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

 இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கெதுத் என் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டே ஏதேதோ சொன்னாள். பயப்பட வேண்டாம், பக்கத்துக் கோயில் பூசாரியைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தால் சரியாகிவிடும், பிள்ளைத்தாய்ச்சி தின்றதற்குப் பூதமும் கோபிக்காது என்றாள். அப்போது தெருவில் ஒரே சத்தமும் சிரிப்பும். வயான் எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

தெருமுனை ஆலமரத்தில் ஒரு கண்ணாடி அடித்து, அதன் கீழ் கதிரை போட்டு ஒரு நாவிதர் தொழில் செய்வார். அந்தக் கதிரையில் இவர் இருந்தார். அரைத் தலை போய்விட்டது. கடற்கரை வெள்ளைக்காரப் பொடியன்கள், தேங்காய் விற்கும் பெண்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஆனால் கதிரை கண்ணாடியைப் பார்த்து இருக்கவில்லை. இவர் அதை எதிரே இருந்த கோயில் வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட வைத்திருந்தார். கண்ணை மூடி, மடியில் கை இரண்டையும் கூப்பி வைத்திருந்தார். தேவாரம் பாடச் சொன்னால் வாயசைத்து ஏமாற்றுகிற மனுசன்!

முடிந்ததும் பார்த்தேன். சவர்க்காரமும் இரத்தக் கீறலுமாக ஒரு வெளிறிய உருண்டை, அதில் இரண்டு பக்கமும் பெரிய காது. இவ்வளவு பெரிய காது இவருக்கு இருப்பது கலியாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியாது. அழுத கண்ணோடு நான் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்துவிட்டது.

முடியைப் பொறுக்கி வாழையிலையில் கட்டிக் கடலுக்குக் கொண்டுபோனோம். "இது இந்து சமுத்திரம்தான்" என்றார் இவர். "சுத்திச் சுத்தி எங்கட ஊருக்கும் போகும். முருகன் அங்க எடுத்துக்கொள்ளட்டும்." அலைக்குள் இறங்கிப் பொட்டலத்தை விட்டார். பலகை விட வேண்டும் என்று ஆசைப்பட்ட கடலில் இவர் இறங்கியது அந்த ஒரு தரம்தான். பிறகு பக்கத்துக் கோயில் பூசாரி வந்து வளவுக் கோயில் முன்னால் எங்களுக்குத் தீர்த்தம் தெளித்து, ஈர அரிசியை நெற்றியில் ஒட்டினார். இவர் எனக்குப் பிறகும் நெடுநேரம் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

விமானம் கிளம்பித் தீவு கீழே சின்னதாகப் போன பிறகு, மொட்டையைத் தடவிக்கொண்டு இவர் சாவகாசமாகச் சொன்னார்.

"தீர்த்தம் தெளிக்கேக்க நானும் ஒண்டு நேர்ந்துபோட்டன்."

"என்ன?"

"பிள்ளை சுகமாப் பிறந்தால் உம்மட தலைமுடி."

என் பின்னல் இடுப்புக்குக் கீழே கிடக்கும். ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார்கள். நான் போட்ட சத்தத்தில் விமானப் பணிப்பெண் வாந்திப் பையோடு ஓடிவந்தாள்.

"ஆரைக் கேட்டு நேர்ந்தனீங்கள்? எந்தச் சாமிக்கு?"

"பேர் தெரியாது. எங்கட ஆக்கள்தானே." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு சிட்னி வரும்வரை நான் அவர் கையை விடவில்லை.

விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டுப் படத்தையும் இவரையும் பார்த்து, இந்த முடியெல்லாம் எங்கே என்றார். கடலில் என்றேன். 

நாலாம் மாதம் கழிந்தது. ஐந்தும் கழிந்தது. ஒவ்வொரு மாதம் கழியும்போதும் இவர் என் பின்னலைத் தூக்கி நிறுத்துப் பார்ப்பார், நான் கையில் அடிப்பேன். மகள் ஒரு விடியற்காலையில் பிறந்தாள், ஆஸ்பத்திரி அதிரக் கத்திக்கொண்டு. நர்ஸ் இவரை உள்ளே விட்டாள். பிள்ளையைக் கையில் வாங்கியவருக்குக் கண்ணீர் கிருதா முளைத்த கன்னத்தில் ஓடியது. பகிடி பண்ணக்கூட மறந்துபோய் நின்றார். நான் தலையணையில் கிடந்த பின்னலை எடுத்து அவருடைய மற்றக் கையில் வைத்தேன்.

"இந்தாங்கோ" என்றேன். "முழுக்க எடுங்கோ. ஒண்டும் மிச்சம் வைக்க வேண்டாம்."